எஞ்சி நிற்பது எது?



வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரின் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பணி என்னுடையது. ஒரு காலத்தில் இங்கு ஜும்ஆவுக்கு இரண்டு ஸஃப்பு நிறைந்தால் அதுவே பெரிது. இன்றோ பள்ளிவாசல் நிரம்பி, முற்றம் நிரம்பி, வீதியில் பாய் விரிக்கிறோம். ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாம், வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைப்பு நாடி வந்த இளைஞர்கள், ஆலைச் சீருடையோடு வந்து நம்மோடு தோளுரசி நிற்கிறார்கள்.

கூட்டம் பெருகியதால் ஒளூச் செய்யும் ஹவுளைப் பெரிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. அதற்கென்று கூடிய ஜமாஅத் கூட்டத்தில் செல்வர் ஒருவர் எழுந்து, முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மறைந்த தம் தந்தையாரின் பெயரைச் சலவைக் கல்லில் பொறித்து வாயிலில் பதிக்க வேண்டும். "இதிலென்ன தவறு?" என்றார் சிலர். "அல்லாஹ்வின் பள்ளியில் அடியானின் பெயர் எதற்கு?" என்றார் வேறு சிலர். முடிவில் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "ஹஸ்ரத் என்ன சொல்கிறீர்கள்?" என்றனர். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் வேறொன்று நிகழ்ந்தது. இரவுப் பணி முடித்துத் திரும்பிய ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர் ஒருவர், விடியற்காலையில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி உயிர் நீத்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இருபத்திரண்டு வயது. மையித்தை ஊருக்குக் கொண்டு செல்ல வசதியில்லை. நாள் கடத்தவும் மனமில்லை. பெற்ற தாய் தொலைபேசியில் சம்மதம் தர, அஸருக்குப் பின் ஜனாஸா தொழுது எங்கள் கபரஸ்தானிலேயே நல்லடக்கம் செய்தோம்.

மறுநாள் அந்தத் தாய் மீண்டும் அழைத்தார். எனக்குத் தெரிந்த உருதுவில் ஆறுதல் சொன்னேன். அவர் அழவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார். "மவ்லானா, என் மகனுக்காக எத்தனை பேர் தொழுதார்கள்?" என்பது முதற்கேள்வி. எண்ணவில்லை தாயே, வேலையிலிருந்து நேராக வந்தவர்களால் பள்ளி முற்றம் கொள்ளவில்லை என்றேன். "நாளைக்கு அவன் தம்பி வளர்ந்து தேடி வந்தால், இதுதான் உன் அண்ணன் இருக்கும் இடம் என்று யார் காட்டுவார்கள்?" என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு என்னிடம் விடை இல்லை.

நேயர்களே! செல்வர் கேட்ட சலவைக் கல்லும், அந்த ஏழைத் தாய் கேட்ட அடையாளமும் வெவ்வேறு ஆசைகள்தாமா? எண்ணிப் பார்த்தால், மனித குலம் தோன்றிய நாள்தொட்டு நெஞ்சில் சுமந்து வரும் ஓர் ஆசையின் இரண்டு முகங்கள் அவை. "நான் முற்றாக அழிந்துவிடக் கூடாது, என்னவர் அழிந்துவிடக் கூடாது" என்னும் ஆசை. நாகரிகம் என்று நாம் பெருமை பேசுவதில் பெரும்பங்கு இந்த ஆசை கட்டியெழுப்பியதே.

நம் காலடி மண்ணில்

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பல ஊர்களில் ஏரிக்கரை ஓரமாகவும் மேட்டு நிலத்திலும் பெருங்கற்கள் வட்டமாக நடப்பட்டிருப்பதைக் காணலாம். ஈராயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட மக்களின் ஈமச் சின்னங்கள் அவை. தாழிகளிலும் சுடுமண் பேழைகளிலும் இறந்தோரை வைத்தனர். உடன் மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்தனர். போனவர் எங்கோ இருக்கிறார், அவருக்கு இவை வேண்டும் என்ற நம்பிக்கையின்றி ஒருவன் தன் அரிய இரும்பை மண்ணில் புதைப்பானா? தாம் குடியிருந்த வீட்டை மண்ணாலும் ஓலையாலும் கட்டிக்கொண்டவர்கள், இறந்தவரின் இடத்தைப் பெருங்கல்லால் அமைத்தார்கள். வீடுகள் மறைந்தன, கல்வட்டங்கள் நிற்கின்றன.

ஸ்ரீபெரும்புதூரையே நோக்குங்கள். கி.பி. 1017இல் இராமாநுசர் பிறந்த ஊர் அது. அங்குள்ள அவருடைய திருவுருவத்தைத் 'தானுகந்த திருமேனி' என்பர் நம் வைணவச் சகோதரர்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே வடிக்கப்பெற்று, அவரே உவந்து ஏற்றது என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. உருவ வழிபாட்டில் நம் கொள்கை வேறு. ஆயினும், ஆசான் தம்மை விட்டு நீங்கிவிடக் கூடாதே என்ற மாணாக்கரின் ஏக்கம் நமக்குப் புரியாததன்று. அதே ஊரில், 1991 மே 21 அன்று படுகொலை செய்யப்பட்ட முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் நினைவிடமும் உள்ளது. அவர் விழுந்த இடத்தில் இன்று தூண்கள் நிற்கின்றன.

மருந்து தேடியவர்கள்

உலக வரலாற்றைப் புரட்டினால் இந்த ஆசை பேரரசர்களை ஆட்டிப் படைத்திருப்பதைக் காண்கிறோம். எகிப்தின் மன்னன் கூஃபூ ஏறத்தாழ நான்காயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. அத்தனை கல்லும் ஓர் உடலைக் காக்க! ஆனால் ஆய்வாளர் உள்ளே புகுந்து கண்டதோ வெற்றுக் கற்பேழை. காக்கப்பட வேண்டிய உடலைக் காணவில்லை. காவலுக்கு வைத்த கல் மட்டும் மிஞ்சியது.

சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங், சாகா மருந்து தேடிக் கடலுக்கு அப்பால் ஆட்களை அனுப்பினான். கி.மு. 210இல் இறந்தான். பாதரசம் கலந்த மருந்தை உண்டதே காரணம் என்றும் சொல்வர். மறுமையிலும் தன்னைக் காக்கவென்று ஆயிரக்கணக்கான சுடுமண் போர்வீரர்களை மண்ணுக்குள் நிறுத்தி வைத்தான். 1974இல் அவற்றைக் கண்டெடுத்தவர்கள் யார் தெரியுமா? வறட்சியில் கிணறு வெட்டிய குடியானவர்கள்! அவர்கள் தேடியது தண்ணீரை.

அவனுக்குப் பின்னும் சீனத்து மருந்து தேடிகள் ஓயவில்லை. கந்தகத்தையும் வெடியுப்பையும் கரியையும் கலந்து காய்ச்சிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டளவில் அவர்களின் அடுப்பிலிருந்து பிறந்தது சாகா மருந்தன்று, வெடிமருந்து! உயிரை நீட்டிக்கப் போய், உயிரைப் பறிப்பதில் வல்லதொன்றை உலகுக்குக் கொடுத்தார்கள்.

அரபு நாட்டார் இந்தத் தேட்டத்திற்கு 'கீமியா' என்று பெயரிட்டனர். மருந்துக்கு 'இக்ஸீர்' என்று பெயர். மேனாட்டு மொழிகளில் வேதியியலைக் குறிக்கும் சொல்லும், சாகா மருந்தைக் குறிக்கும் சொல்லும் இவ்விரு அரபுச் சொற்களின் பிள்ளைகளே. நம் சித்தர்களின் இரசவாதமும் காயகற்பமும் இதே குடும்பத்தவை.

அக்காலத்து மேதை அபூபக்ர் அர்ராஸி இரசவாதத்திலும் மூழ்கினார். மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார். அவருடைய இரசவாதம் எவரையும் சாவினின்று காக்கவில்லை. ஆனால் பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டி அவர் எழுதிய சிறு நூல், பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு நூற்றாண்டுகள் தோறும் மருத்துவர்க்குப் பாடமாயிற்று. பின்வந்தோர் அந்நோய்க்குத் தடுப்பூசி கண்டனர். 1980இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. இந்த நீட்சியைத் தந்தது இக்ஸீர் அன்று. தூய குடிநீர், தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு ஆகியவை தந்தன. தான் சாகாமலிருக்க வழி தேடியவர்கள் பாதரசத்தை உண்டு மாண்டார்கள். அடுத்தவர் பிள்ளை சாகாமலிருக்க வழி தேடியவர்கள் மனித ஆயுளையே நீட்டினார்கள். நெஞ்சில் நிறுத்திக்கொள்ளத்தக்க வேறுபாடு இது.

முதல் மனிதருக்கு விரித்த வலை

இந்த ஆசையின் வலிமையை ஷைத்தான் நன்கு அறிந்திருந்தான். ஆதம் (அலை) அவர்களை வீழ்த்த அவன் எதைக் காட்டினான்? பொன்னையா, பொருளையா? அழியா வாழ்வு தரும் மரம் ஒன்று உண்டு, முடிவற்ற ஆட்சி உண்டு என்றுதான் ஆசை காட்டினான் என்று ஸூரத்து தாஹா நமக்கு அறிவிக்கிறது. சுவனத்தில் குறையேதுமின்றி இருந்தவரையும் அசைக்க வல்ல ஒரே தூண்டில் அதுவாக இருந்தது!

என்றென்றும் வாழப்போகிறவர்களைப் போல மாடமாளிகைகளை எழுப்பிய ஆது கூட்டத்தாரைத் திருமறை கண்டிக்கிறது. சேர்த்துச் சேர்த்து எண்ணி வைக்கும் செல்வம் தன்னை நிரந்தரமாக வாழ வைக்கும் என்று நினைப்பவனை ஸூரத்துல் ஹுமஸா எச்சரிக்கிறது. மனிதனுக்கு வயதாக ஆக, பொருளாசையும் ஆயுளாசையும் மட்டும் அவனிடம் இளமையாகவே இருக்கின்றன என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கருத்து.

அடியேனும் இந்நோய்க்கு விலக்கல்லன். கல்லூரியில் வரலாறு படித்தவன் என்ற செருக்கில், எங்கள் வட்டாரத்தின் வரலாற்றை எழுதப்போவதாகப் பல்லாண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். ஓர் அத்தியாயமும் முடிந்தபாடில்லை. ஆனால் முகப்புப் பக்கத்தை மட்டும் என் பெயரோடும் பட்டத்தோடும் என்றோ எழுதி வைத்துவிட்டேன்! இந்த நிலையில் செல்வரின் சலவைக் கல்லை எடைபோட நான் யார்?

மார்க்கம் இந்த ஆசையை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை, திசை திருப்பிவிடுகிறது. மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் அறுந்துபோகின்றன. மூன்று மட்டும் தொடர்கின்றன. நிலைத்து ஓடும் தர்மம், பிறர்க்குப் பயன்தரும் கல்வி, தனக்காகக் கையேந்தும் நல்ல பிள்ளை. மூன்றுமே பிறர் கையில் இருப்பவை என்பதைக் கவனித்தீர்களா? நம் பெயரை நாமே காக்க முடியாது. நாம் செய்த நன்மையைப் பெற்றவர்களே அதைக் காக்கிறார்கள்.

நீரில் எழுதிய பெயர்

நீரில் எழுதிய எழுத்து நில்லாது என்பர். ஆனால் நீரைத் தேக்கியவர்களின் பெயர் நின்றிருக்கிறது. புறநானூற்றில் குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுண்டு. மறுமைச் செல்வமும் நிலைத்த புகழும் வேண்டுமானால் பள்ளம் கண்ட இடமெல்லாம் நீரைத் தேக்குவாயாக என்பது அதன் சாரம். தலையாலங்கானத்தில் வென்ற வீரனிடம், உன் வெற்றி உன்னை வாழவைக்கும் என்று புலவர் சொல்லவில்லை. ஏரி வாழவைக்கும் என்கிறார். வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி, தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த திரையனேரி என்பது வழக்கு. அவன் அரண்மனை எங்கிருந்தது என்று கேட்டால் காட்ட ஆளில்லை. ஏரியோ இன்றும் மழைக்காலத்தில் கடல்போல் விரிகிறது.

நம் முன்னோர் இதே நெறியை வக்ஃப் என்னும் அமைப்பாக வகுத்தனர். கைபரில் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும்படி வழிகாட்டல் கிடைத்தது. விற்கவோ, அன்பளிப்பாக்கவோ, வாரிசுக்குப் பங்கிடவோ கூடாது என்ற நிபந்தனையோடு அது அறமாயிற்று. மதீனாவில் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். தமிழகத்தில் 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சியில் எழுந்த ஜமால் முகம்மது கல்லூரியும் இந்த மரபின் கிளைகளே. அங்கே பயின்று முதல் பட்டம் வாங்கிய குடும்பங்கள் எத்தனை! சாதி, சமய வேறுபாடின்றி எத்தனை பேர் வீட்டில் விளக்கேறியது!

வேலூரில் அஃலா ஹஸ்ரத் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் நிறுவிய அரபிக் கல்லூரிக்கு என்ன பெயர்? 'பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்'. ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் சொல் அது. செல்வமும் மக்களும் இவ்வுலகின் அலங்காரம். நிலைத்து நிற்கும் நற்செயல்களே இறைவனிடம் மேலானவை என்ற கருத்தில் வருவது. எஞ்சி நிற்கும் நற்செயல்கள் என்பதே அதன் பொருள். நிறுவியவர் அதற்குத் தம் பெயரை இடவில்லை. தமிழகத்தின் பள்ளிவாசல்கள் பலவற்றின் மிம்பரில் இன்றும் அவருடைய மாணவரின் மாணவர்கள் நிற்கிறார்கள்.

ஆலைகளும் அழிபவையே

எங்கள் வட்டாரத்தின் ஆலைகளைப் பார்ப்பவர்க்கு, இவை உலகம் உள்ளளவும் நிற்கும் என்றே தோன்றும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் வெளிவரத் தொடங்கியபின் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியபோது, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பேருந்தேறிப் போய் வீட்டைத் தாங்கினார்கள். அரசாங்க வேலைக்கு நிகர் என்றார்கள். 2014 நவம்பர் முதல் நாளில் அந்த உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேறு வழி தேடினர். பின்னர் அவ்வளாகம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்குகிறது. எட்டே ஆண்டுகள்!

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுப் பழமையான கற்கருவிகளும் அதற்கு மேலே பிற்கால மக்களின் பொருள்களும் வெளிப்பட்டன. அதுவும் ஒரு தொழிற்கூடமே! கல்லைத் தீட்டியவனின் பெயர் எவருக்கும் தெரியாது. அவன் கைத்திறன் மட்டும் தெரிகிறது. இன்று அதே மண்ணின்மேல் வாகனம் பூட்டுகிற இளைஞனின் பெயரும் எந்த வாகனத்திலும் இல்லை. முன்பக்கத்தில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது; திருகாணியை முடுக்கிய கை யாருடையது என்று ஓட்டுபவன் அறியான்.

பெயரில்லாத இந்த இளைஞர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது என் எண்ணம்.

ஒரு கல், ஓர் ஏடு

அந்தத் தாயின் கேள்விக்கு விடையை ஹதீஸ் நூலில் கண்டேன். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கியபின், நபி (ஸல்) அவர்கள் தாமே ஒரு கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுறை அடையாளம் காண்பதற்கும், குடும்பத்தில் பின்னர் இறப்பவரை அருகில் அடக்குவதற்கும் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மாடமில்லை, மண்டபமில்லை. ஆனால் அடையாளம் உண்டு. பகட்டுக்கும் பாசத்துக்கும் இடையே இவ்வளவு நுண்ணிய கோட்டை வேறு எவர் கிழித்துக் காட்ட முடியும்!

ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் ஏரிக்கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து அந்த இளைஞரின் தலைமாட்டில் வைத்தார். ஒரு புதிய ஏடு வாங்கினோம். வரிசை எண், பெயர், தந்தை பெயர், ஊர், மாவட்டம், அடக்கிய நாள், வீட்டாரின் தொலைபேசி எண் என்று கட்டம் போட்டு முதல் பதிவை நானே எழுதினேன். வரலாறு எழுதப்போவதாகச் சொல்லித் திரிந்த என் கையால் எழுதப்பட்ட உருப்படியான முதல் வரலாற்று வரி அதுவாகத்தான் இருக்கும். தாய்க்குச் செய்தி சொன்னேன். கல்லின் நிறத்தையும், அருகில் என்ன மரம் என்பதையும் கேட்டுக்கொண்டார். வேம்பு என்றேன். "அப்படியானால் நிழல் இருக்கும்" என்றார். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை.

ஹவுள் செய்தி என்னாயிற்று என்பீர்கள். பெயர் பொறிப்பதை நான் தடுக்கவில்லை. எண்ணத்தை அறிபவன் இறைவன் ஒருவனே. "கல் இருக்கட்டும். மோட்டார் பழுதானால் யாரும் கையேந்தாமல் சீர்செய்ய ஒரு வருவாயையும் சேர்த்து எழுதி வையுங்கள். தண்ணீர் வராத ஹவுளில் உங்கள் அத்தாவின் பெயரைப் பார்ப்பவர் துஆச் செய்யமாட்டார்" என்றேன். சற்று யோசித்தார். ஒரு கடையின் வாடகையை எழுத்துமூலம் வக்ஃபாக்கினார். கல்லும் பதிக்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை.

சகோதர சகோதரிகளே! உங்கள் மஹல்லாவிலும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தொழுதுவிட்டுப் போவார்கள். அவர்களின் பெயரையும் ஊரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். ஜனாஸா அன்று தேடி அலைவதற்காக மட்டும் அன்று. காய்ச்சலில் படுத்தவனுக்குக் கஞ்சி கொடுக்கவும், பெருநாளன்று ஓர் இலை போடவும் அந்த ஏடு உதவும். தாய்மார்கள் தம் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி இதைச் செய்விக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

சாகா மருந்தைத் தேடியவர் எவரும் கண்டதில்லை. ஆனால் ஒருவரின் பெயரை மற்றொருவர் அன்போடு எழுதி வைக்கும் ஏடு எந்த ஊரிலும் கிடைக்கும். எங்கள் ஏட்டின் முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறது. தம்பி ஒருவன் வளர்ந்து, என்றேனும் வண்டலூர்ச் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி வருவான். அன்று நான் இருப்பேனோ, இல்லையோ. ஏடும் கல்லும் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.